அலைகளைக் கட்டி மேய்ப்பவர்

லண்டனின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது ஃபெல்தம். 1963 ஆகஸ்ட் மாதம் அந்தப் புறநகரின் எளிய வீடொன்றில் ஓர் அப்பாவும் பதினாறு வயது மகனும் சேர்ந்து எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றைச் செய்யத் தொடங்கினார்கள். ஃபெண்டர், கிப்சன் போன்ற நிறுவனங்களின் கிட்டார்களை வாங்க அந்தக் குடும்பத்துக்கு வசதியில்லை. அப்பா ஹரோல்டு மின்னணுக் கருவிகளுக்கு வரைபடம் தயாரிப்பவர். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைக்கூடத் தன் கையாலேயே செய்தவர். மகன் பிரையனுக்கு இயற்பியல் என்றால் உயிர். இருவரும் ஏறத்தாழ ஈராண்டு உழைத்தார்கள். அப்படிப் பிறந்த கிட்டார்தான் பின்னாளில் குயின் இசைக்குழுவின் அடையாளமாகி, உலகின் மாபெரும் மைதானங்களை நிரப்பியது. அதை வாசித்த பிரையன் மே, விண்வெளித் தூசியை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற வானியலாளரும்கூட. இந்த இரண்டு வாழ்க்கைக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு: ஓர் அலை இன்னோர் அலையைச் சந்தித்தால் என்ன ஆகும்?

முதலில் கிட்டாரின் உடம்பைப் பார்ப்போம். அதன் கழுத்து, தூக்கி எறியப்படவிருந்த பழைய கணப்படுப்பு ஒன்றின் மேற்சட்டம். நூறாண்டு பழைய மஹோகனி மரம் அது. பூச்சி அரித்த துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தார்கள். உடல் பாகத்துக்குப் பழைய மேசையின் ஓக் மரம் கைகொடுத்தது. கழுத்தில் இடத்தைக் காட்டும் வெண்புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து வந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். சுருதியை ஆட்டும் கைப்பிடி, சைக்கிள் இருக்கைப் பையைத் தாங்கும் கம்பியில் செய்தது. அதன் முனை அம்மாவின் பின்னல் ஊசி. உள்ளே இருக்கும் இரண்டு சுருள்வில்கள் 1928ஆம் ஆண்டு மாடல் பாந்தர் மோட்டார் சைக்கிளின் எஞ்சினிலிருந்து கழற்றியவை. சிவந்த நிறத்தால் அதற்கு ‘ரெட் ஸ்பெஷல்’ என்று பெயர் வந்தது.

கிடைத்ததையெல்லாம் ஒட்டிச் சேர்த்த பொருள் என்று இதை எண்ணிவிட முடியாது. அதன் ஒவ்வொரு பாகமும் ஓர் இயற்பியல் சிக்கலுக்கு விடை. கிட்டாரின் ஆறு எஃகுத் தந்திகளும் சேர்ந்து கழுத்தை முப்பது, நாற்பது கிலோ எடைக்குச் சமமான விசையோடு ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கும். மரம் வளைந்தால் சுருதி போய்விடும். அதனால் கழுத்துக்குள் எஃகுக் கம்பி ஒன்றைச் செலுத்தி அந்த இழுவையை ஈடுகட்டினார்கள்.

அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. ராக் கிட்டார் கலைஞர்கள் கைப்பிடியை அழுத்தித் தந்திகளைத் தளர்த்துவார்கள். சுருதி வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். கைப்பிடியை விட்டதும் பழைய இடத்துக்கே அது திரும்ப வேண்டும். அன்றைய கிட்டார்கள் பலவற்றில் அப்படித் திரும்பாது. காரணம் உராய்வு. தந்தி எங்கெல்லாம் எதன்மீதாவது தேய்கிறதோ, அங்கெல்லாம் கொஞ்சம் சிக்கிக்கொள்ளும். இருவரும் உராய்வைத் துரத்தித் துரத்தி ஒழித்தார்கள். ஒவ்வொரு தந்திக்கும் அடியில் கையால் கடைந்த குட்டி உருளை ஒன்று. தந்தி அசைந்தால் உருளையும் சுழலும். தந்திகளைப் பிடித்திருக்கும் எஃகுத் தகடு, கடினப்படுத்திய ஒரு கத்தி விளிம்பின்மேல் உட்கார்ந்திருக்கும். ஆய்வகத் தராசின் நடுக்கோல் ஒரு கூர் விளிம்பில் நிற்பதால்தான் மயிரிழை எடைக்கும் அசைந்துவிட்டு மீண்டும் நடுவுக்கு வருகிறது. ரெட் ஸ்பெஷலிலும் அதே உத்தி. ஒரு பக்கம் தந்திகள் இழுக்க, மறுபக்கம் மோட்டார் சைக்கிள் வில்கள் எதிர்த்து நிற்க, தகடு கூர் விளிம்பில் சமநிலை காக்கிறது.

இனி ஒலிக்கு வருவோம். எலெக்ட்ரிக் கிட்டாரை மின்சாரம் இல்லாமல் மீட்டினால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. ஒலியைப் பெருக்க முதலில் அதை மின்சாரமாக்க வேண்டும். இந்த வேலையைச் செய்வது ‘பிக்கப்’: காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சிறு சுருள். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் கலைகிறது. கலையும் காந்தப் புலம், பக்கத்திலுள்ள கம்பியில் மின்சாரத்தை உண்டாக்கும். 1831இல் மைக்கேல் ஃபாரடே லண்டனில் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தை அனல்மின் நிலையத்திலும் நீர்மின் நிலையத்திலும் உண்டாக்கும் அதே விதி, இங்கே ஒரு விரல் நீளச் சுருளில் தந்தியின் நடுக்கத்தை அப்படியே மின்னோட்டமாக எழுதித் தருகிறது.

அந்த நடுக்கம் நாம் நினைப்பதுபோல் ஒற்றை அசைவு அல்ல. கிட்டாரின் தடித்த தந்தியை மீட்டினால் அது நொடிக்கு 82 முறை அதிர்கிறது. இது அடிப்படைச் சுரம். அதே நேரத்தில் அதே தந்தி இரண்டு பாதிகளாகப் பிரிந்து 165 முறையும், மூன்று பங்குகளாகப் பிரிந்து 247 முறையும் அதிர்கிறது. நான்கு, ஐந்து, ஆறு என்று இது நீண்டுகொண்டே போகும். இவை மேற்சுரங்கள். இரு முனையும் கட்டப்பட்ட தந்தியில், அதன் நீளத்துக்குள் கச்சிதமாக அடங்கும் அலைகள் மட்டுமே நிலைத்து நிற்க முடியும். அடங்காதவை ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மறையும். வீணையும் கிட்டாரும் ஒரே சுரத்தைப் பாடினாலும் வேறு வேறாகக் கேட்பதற்கு முக்கியக் காரணம், எந்த மேற்சுரம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதுதான்.

ரெட் ஸ்பெஷலில் மூன்று பிக்கப்புகள் வரிசையாக இருக்கின்றன. மூன்றும் ஒரே தந்தியைத்தான் கவனிக்கின்றன, ஆனால் வேறு வேறு இடங்களிலிருந்து. தந்தியின் கட்டிய முனைக்கு அருகில் அடிப்படைச் சுரத்தின் அசைவு மிகவும் குறைவு. அங்கிருக்கும் பிக்கப்புக்கு மேற்சுரங்கள் தூக்கலாகக் கேட்கும், ஒலி கூர்மையாக இருக்கும். நடுப்பகுதியை நோக்கி நகர நகர ஒலி உருண்டு திரளும்.

இங்கேதான் பிரையன் மேயின் முத்திரை. ஒவ்வொரு பிக்கப்புக்கும் இரண்டு சுவிட்சுகள் வைத்தார். ஒன்று, அதை இயக்கவும் நிறுத்தவும். இன்னொன்று, அதன் கட்டத்தைத் திருப்ப. கட்டம் என்பது, அலை ஏறிக்கொண்டிருக்கிறதா இறங்கிக்கொண்டிருக்கிறதா என்ற நிலை. இரண்டு அலைகள் ஒரே கட்டத்தில் சேர்ந்தால் மேடு மேட்டோடு சேர்ந்து பெரிதாகும். எதிர்க் கட்டத்தில் சேர்ந்தால் மேடு பள்ளத்தில் விழுந்து நிரவிப்போகும். இரண்டு பிக்கப்புகளில் ஒன்றின் கட்டத்தைத் திருப்பினால், இரண்டும் ஒன்றுபோல உணரும் அடிப்படைச் சுரம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. உயர்ந்த மேற்சுரங்களின் கதை வேறு. அவற்றின் அலைகள் குட்டையானவை. ஒரு பிக்கப்பின் மேலே தந்தி ஏறும் நேரத்தில் அடுத்ததன் மேலே இறங்கிக்கொண்டிருக்கலாம். அவை அழியாமல் தப்பி முன்னுக்கு வருகின்றன. கழித்தல் கணக்கிலிருந்து ஒரு புதிய குரல் பிறக்கிறது: மெலிந்த, மூக்கொலி கலந்த, அழுவதுபோன்ற குரல்.

ஆறு சுவிட்சுகளால் எத்தனை குரல் கிடைக்கும்? ஒற்றைப் பிக்கப் மட்டும் என்றால் மூன்று. இரண்டிரண்டாகச் சேர்க்க மூன்று வழி, ஒவ்வொன்றிலும் ஒத்த கட்டம், எதிர்க் கட்டம் என இரண்டு, ஆக ஆறு. மூன்றையும் சேர்த்தால் நான்கு. மொத்தம் பதின்மூன்று. அந்தக் காலத்து ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்க மூன்று நிலை கொண்ட ஒரே சுவிட்சுதான் இருந்தது. பள்ளி மாணவன் ஒருவன் வீட்டில் செய்த கிட்டார், கடை கிட்டாரைவிடப் பல மடங்கு குரல்வளத்தோடு வெளிவந்தது இப்படித்தான்.

இன்னோர் ஆசையும் அவருக்கு இருந்தது. ஜெஃப் பெக் என்ற கிட்டார் கலைஞர், கிட்டாரை ஒலிபெருக்கியின் எதிரே பிடித்துச் சுரத்தை அணையாமல் நீட்டுவதைப் பார்த்திருந்தார். ஒலிபெருக்கியிலிருந்து வரும் காற்றலை தந்தியை மீண்டும் அசைக்கும்; அந்த அசைவு மீண்டும் மின்சாரமாகி ஒலிபெருக்கிக்குப் போகும்; சுரம் தன்னைத் தானே ஊட்டிக்கொண்டு வளரும். இதற்கு இடம் கொடுப்பதற்காகவே கிட்டாரின் உடலுக்குள் வெற்றறைகள் விட்டார். ஆனால் இதே சுழற்சிக்கு வேண்டாத முகம் ஒன்றும் உண்டு. பிக்கப்பின் செம்புச் சுற்றுகளே காற்றலையில் அதிர ஆரம்பித்தால் காதைக் கிழிக்கும் கீச்சொலி வரும். அதனால் கடையில் வாங்கிய பர்ன்ஸ் நிறுவனத்தின் பிக்கப்புகளுக்குள் அரால்டைட் பசையை ஊற்றிச் சுற்றுகளை இறுக்கிவிட்டார். தந்தி அதிரலாம், சுருள் அதிரக் கூடாது. நல்ல சுழற்சிக்குக் கதவைத் திறந்து, கெட்ட சுழற்சிக்குக் கதவை அடைத்த வேலை இது.

தந்தியை மீட்டும் பொருளிலும் யோசனை இருந்தது. பலரும் வளையும் பிளாஸ்டிக் வில்லையைப் பயன்படுத்த, மே எடுத்துக்கொண்டது பிரிட்டனின் பழைய ஆறு பென்ஸ் நாணயம். உலோகம் வளையாது, விரல் தரும் அழுத்தம் முழுதும் தந்திக்குப் போகும். நாணயத்தின் விளிம்பு வரிவரியாக வெட்டுப்பட்டிருக்கும். லேசாகச் சாய்த்துப் பிடித்தால் அந்த வரிகள் தந்தியில் உரசி, ஒவ்வொரு சுரத்துக்கும் மெய்யெழுத்துபோல ஒரு தொடக்கத்தைக் கொடுக்கும்.

மே 1968இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் டிரம்ஸ் கலைஞர் ரோஜர் டெய்லருடன் ‘ஸ்மைல்’ குழுவில் வாசிக்கத் தொடங்கினார். 1970இல் அவர்களோடு சேர்ந்தார் ஃப்ரெடி மெர்குரி. சான்சிபாரில் பிறந்து, மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் பள்ளி படித்த பார்சிப் பையன் அவர். ‘குயின்’ என்று பெயர் வைத்தவரும் அவரே. மறு ஆண்டில் பேஸ் கிட்டார் வாசிக்க வந்தார் ஜான் டீக்கன்.

டீக்கன் மின்னணுவியல் படித்தவர். 1972இல் குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு மின்சுற்றுப் பலகையை எடுத்து வந்து, பழைய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றுக்குள் பொருத்தி, ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும் குட்டி ஒலிபெருக்கி ஆக்கினார். அதில் இருந்தவை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். அளவுக்கு மீறிய மின் அலை உள்ளே வந்தால் அவை அதன் முகடுகளை வெடுக்கென்று வெட்டுவதில்லை, வழவழப்பாக மழுக்கிவிடுகின்றன. ரெட் ஸ்பெஷலை அதில் மாட்டியதும் கிட்டார் வயலின்போலவும் கிளாரினெட்போலவும் பேச ஆரம்பித்தது.

அதை வைத்து மே செய்த வித்தை 1975இல் வெளிவந்த ‘குட் கம்பெனி’ பாட்டில் இருக்கிறது. அதில் டிரம்பெட், டிராம்போன், கிளாரினெட் கொண்ட பழைய ஜாஸ் வாத்தியக் குழு ஒன்று வாசிப்பதுபோல் கேட்கும். அங்கே ஊதுகருவி எதுவுமே இல்லை, எல்லாம் கிட்டார். எந்தக் கருவி ஒலிக்கிறது என்பதை நம் காது பெரும்பாலும் ஒலி தொடங்கும் அந்தச் சில மில்லிநொடிகளில் முடிவு செய்கிறது. மீட்டும் முதல் தட்டலை மறைத்துவிட்டால் கிட்டாரின் அடையாளமே மங்கிவிடும். மே காலால் அழுத்தும் பெடலை வைத்து ஒலியின் தொடக்கத்தை அடக்கி, பிறகு மெல்லத் திறந்தார். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகப் பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். குயினின் ஆரம்ப கால இசைத்தட்டுகளின் உறையில் சிந்தசைசர் பயன்படுத்தவில்லை என்று அச்சிட்டதற்குக் காரணம் இந்த உழைப்பின் பெருமிதம்தான்.

ஒரே மனிதர் மேடையில் மூவராக வாசிக்க முடியுமா? ‘பிரைட்டன் ராக்’ பாட்டின் தனிவாசிப்பில் மே அதைச் செய்தார். காந்த நாடாவில் ஒலியைப் பதிந்து சற்று நேரம் கழித்துத் திருப்பித் தரும் கருவிகள் அப்போது உண்டு. பதியும் முனைக்கும் படிக்கும் முனைக்கும் இடையிலுள்ள தூரம்தான் தாமதத்தின் அளவு. மே அந்தத் தூரத்தை நீட்டிக் கருவியை மாற்றியமைத்தார். இப்போது வாசித்த சொற்றொடர் ஓர் ஒலிபெருக்கியில் வர, அதன் முதல் எதிரொலி இன்னொன்றிலும், இரண்டாவது எதிரொலி மூன்றாவதிலும் வரும். மூன்றும் பொருந்தி ஒலிக்க வேண்டுமானால், இந்த நொடியில் வாசிக்கும் சுரம் சற்று முன் வாசித்ததோடும் சற்றுப் பின் வாசிக்கப்போவதோடும் இசைய வேண்டும். கடந்ததையும் வருவதையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொண்டு அவர் வாசித்தார்.

அலைகளை மேய்ப்பதில் அவருடைய உச்சம், கிட்டார் கடைசியில்தான் தலைகாட்டும் ஒரு பாட்டு. ஸ்டாஃபோர்டு நகரில் ஒரு கச்சேரி முடிந்தும் கலையாமல் ரசிகர்கள் சேர்ந்து பாடியதைக் கண்டு, கூட்டமே வாசிக்கும்படி ஒரு பாட்டு வேண்டும் என்று நினைத்தார். நெரிசலில் நிற்பவர்களால் காலால் மிதிக்க முடியும், கைதட்ட முடியும். 1977இல் ‘வீ வில் ராக் யூ’ பிறந்தது. இரண்டு மிதி, ஒரு கைதட்டல். வடக்கு லண்டனில், முன்பு தேவாலய மண்டபமாக இருந்த வெஸ்ஸெக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில், பழைய பலகைகளை அடுக்கி ஒரு சிலரே மிதித்தார்கள். கேட்பவர் காதிலோ ஆயிரக்கணக்கானோர் மிதிக்கிறார்கள்.

அந்தப் பெருக்கத்தின் ரகசியம் பகா எண்கள். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ மூன்று மில்லிநொடி எடுக்கும். உண்மையான கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தூரத்தில் நிற்பதால் ஒவ்வொரு தட்டலும் சற்றே வேறு நேரத்தில் நம் காதை எட்டும். ஆகவே ஒரே பதிவை நகலெடுத்து, நகல்களைச் சிறிது சிறிது தாமதித்துச் சேர்க்கலாம். ஆனால் 10, 20, 30 மில்லிநொடி என்று சீராகத் தாமதித்தால் மாட்டிக்கொள்வோம். சீரான இடைவெளியில் வரும் தட்டல்களைக் காது உடனே கண்டுபிடித்து, எதிரொலி என்றோ தகரக் குழாய்க்குள் கேட்கும் ரீங்காரம் என்றோ உணரும். மே தாமதங்களைப் பகா எண்களின் விகிதத்தில் வைத்தார். 7, 11, 13 போன்ற எண்களுக்கு ஒன்றைத் தவிரப் பொதுவான வகுஎண் கிடையாது. எந்த இரண்டு இடைவெளியும் கைகோத்து ஒழுங்கை உருவாக்க வழியில்லை. ஒழுங்கு இல்லாததால் எதிரொலி இல்லை. எதிரொலி இல்லாததால் அது அறை அல்ல, கூட்டம். இந்தப் பகா எண்கள் மைதானத்தைச் சில பலகைகளுக்குள் கொண்டுவந்தன.

இந்தப் பாட்டுகளுக்கெல்லாம் முன்பே அவர் வேறு அலைகளோடும் வேலை செய்திருந்தார். 1970இல் இம்பீரியல் கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தார். தலைப்பு, கோள்களுக்கு இடையே மிதக்கும் தூசி. வால்மீன்கள் உதிர்த்ததும் சிறுகோள்கள் மோதிச் சிதறியதுமான இந்தத் துகள்கள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாதவை. நகர வெளிச்சம் இல்லாத இடத்தில், சூரியன் மறைந்து இருட்டிய பின் மேற்கு வானில் மங்கலான கூம்புபோல ஓர் ஒளி எழும். விடியலுக்கு முன் கிழக்கிலும் தெரியும். ராசி மண்டல ஒளி என்று பெயர். தூசியில் பட்டுத் தெறிக்கும் சூரிய வெளிச்சம் அது.

இந்தத் தூசி எந்தத் திசையில், எந்த வேகத்தில் போகிறது? கைக்கெட்டாத துகளின் வேகத்தை அதன் ஒளியே சொல்லும். சூரிய ஒளியைப் பிரித்தால் பச்சைப் பகுதியில், 518 நானோமீட்டருக்கு அருகே, மக்னீசிய அணுக்கள் விழுங்கியதால் உண்டான கருங்கோடுகள் தெரியும். தூசி நம்மை நோக்கி வந்தால் கோடு நீலத்தின் பக்கம் நகரும். விலகினால் சிவப்பின் பக்கம். இது டாப்ளர் விளைவு. நகர்வோ மிகச் சிறியது: நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துக்கு அலைநீளத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாற்றம்தான்.

அதை அளக்க மே கையாண்ட கருவி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் ஃபாப்ரியும் பெரோவும் உருவாக்கியது. ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பும் இரண்டு கண்ணாடித் தகடுகள் எதிரெதிரே நிற்கும். இடையில் நுழையும் ஒளி முன்னும் பின்னும் பலமுறை மோதும். அந்த இடைவெளிக்குள் கச்சிதமாக அடங்கும் அலைநீளங்கள் ஒன்றையொன்று வளர்த்து வெளியே வரும். அடங்காதவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கிட்டார் தந்தி மேற்சுரங்களைத் தேர்ந்தெடுக்கும் அதே விதி. தந்தியில் அலை அறுபது சென்டிமீட்டரில் அடங்க வேண்டும், இங்கே இரு கண்ணாடிகளுக்கு நடுவில். ஸ்பெயினின் டெனெரிஃபே தீவில், மலைமேல் உள்ள டெய்டே வான்நோக்ககத்தில் இந்தக் கருவியோடு அவர் இரவுகளைக் கழித்தார். இரண்டு ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயர் வந்தது. ஒன்று 1972இல் ‘நேச்சர்’ இதழில்.

1974இல் குயினின் புகழ் ஏறத் தொடங்க, எழுதி முடியாத ஆய்வேட்டை மூடி வைத்தார். வானியல் அவரை விடவில்லை. 1975இல் எழுதிய ‘தர்ட்டி நைன்’ கேட்பதற்கு நாட்டுப்புறப் பாட்டு. அதன் கதை ஐன்ஸ்டைனுடையது. விண்கலத்தில் போனவர்களுக்கு ஓராண்டு கழிகிறது. திரும்பி வரும்போது பூமியில் நூறாண்டு ஓடிவிட்டது. ஒளியின் வேகத்தை நெருங்குபவருக்குக் காலம் மெதுவாக ஓடும் என்ற சார்பியல் உண்மையை, பிரிவின் துயரமாக அவர் பாட வைத்தார்.

முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து, 2006இல் இம்பீரியல் கல்லூரியில் மறுபடியும் பதிவு செய்துகொண்டார். அந்த இடைவெளியில் வெகு சிலரே இத்துறையைத் தொட்டிருந்ததால் அவருடைய பழைய அளவீடுகளுக்கு மதிப்புக் குறையவில்லை. மற்ற விண்மீன்களைச் சுற்றியும் தூசித் தட்டுகள் இருப்பது அதற்குள் தெரியவந்து, இத்துறைக்குப் புது உயிர் பிறந்திருந்தது. 2007இல் ஆய்வேட்டைக் கொடுத்தார், வயது அறுபது. மறு ஆண்டில், 52665 என்ற எண்ணுள்ள சிறுகோளுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

பிறகு இன்னொரு சிறுகோள் அவர் உதவியைக் கேட்டது. சிறு வயதிலிருந்தே அவருக்கு இரட்டைப் படங்களில் மோகம். சற்றே விலகிய இரு கோணங்களில் எடுத்த படங்களை ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்றாகக் காட்டினால், மூளை அந்தச் சிறு வேறுபாட்டிலிருந்து ஆழத்தைக் கணக்கிட்டுவிடும். நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் பென்னு என்ற சிறுகோளை அடைந்தபோது, எதிர்பார்த்த மணல்வெளி அங்கே இல்லை. எங்கு பார்த்தாலும் பாறைகள். விண்கலம் தொட்டு மண் எடுக்கப் பாதுகாப்பான இடம் எது? மேயும் அவருடைய சக ஆய்வாளர் கிளாடியா மான்சோனியும் விண்கலத்தின் படங்களை இணைத்து முப்பரிமாணக் காட்சிகளாக்கித் தந்தார்கள். மேடு பள்ளத்தை ஆய்வுக் குழு கண்ணால் உணர முடிந்தது. 2020 அக்டோபரில் கலம் பென்னுவைத் தொட்டது. 2023 செப்டம்பரில் 121.6 கிராம் சிறுகோள் மண் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் வந்திறங்கியது.

கலையையும் அறிவியலையும் இரண்டு கரைகளாகப் பிரித்துப் பேசும் பழக்கம் நமக்கு உண்டு. பிரையன் மேயின் வாழ்க்கையில் அந்த ஆறே இல்லை. பிக்கப்பின் கட்டத்தைத் திருப்பியபோதும், கைதட்டலைப் பகா எண்களில் சிதறவிட்டபோதும், தூசியின் ஒளியைக் கண்ணாடிகளுக்கிடையே மோதவிட்டபோதும் அவர் கேட்டது ஒரே கேள்வி. பள்ளிப் பாடநூலில் ‘அலைகள்’ என்ற ஒரே பாடத்துக்குள் அடங்கிவிடும் அளவுக்கு அது எளியது. அடுத்த முறை ‘வீ வில் ராக் யூ’ ஒலித்தால் இரு காதிலும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேளுங்கள். ஒரு தட்டல் அருகில், ஒன்று தள்ளி, ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். அங்கே எதிரொலியைத் தேடிப் பாருங்கள். கிடைக்காது, அது வராதபடி கணக்குப் போட்டவர் ஓர் இயற்பியல் மாணவர்.